வீணாகும் வாயுவைப் பொருளாக்கும் நுண்ணுயிர்கள்

எருக்குவியலைக் கிளறினால் உள்ளிருந்து ஆவி பறப்பதை விவசாயிகள் கண்டிருப்பர். குப்பையை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களே இந்தச் சூட்டை உண்டாக்குகின்றன. நன்கு மட்கும் குவியலின் நடுவே வெப்பம் 55 முதல் 65 டிகிரி சென்டிகிரேடு வரை உயரும். அந்தச் சூட்டிலும் மடியாமல் பெருகும் நுண்ணுயிர்கள் சில உண்டு.

குதிரை லத்தியில் கிடைத்தது

அவற்றில் ஒன்று 1942இல் அமெரிக்காவில் குதிரை லத்தியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதன் இன்றைய பெயர் மூரெல்லா தெர்மோஅசெட்டிகா. காற்றுப் புகாத இடத்தில் இது கரியமில வாயுவையும் ஹைட்ரஜனையும் உண்டு, வினிகருக்குப் புளிப்பைத் தரும் அசிட்டிக் அமிலத்தை உண்டாக்கும். ஆலைப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடும் இதற்கு உணவாகும்.

ஜப்பானின் ஹிரோஷிமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் மரபணுக்களை மாற்றி, இதே வாயுக்களிலிருந்து அசிட்டோன் என்னும் கரைப்பானை உண்டாக்கச் செய்து, 2021இல் முடிவை வெளியிட்டனர். அசிட்டோன் 56 டிகிரியில் கொதிப்பது. எனவே அந்தச் சூட்டில் அது ஆவியாக எளிதில் பிரியும். பிரித்தெடுக்கும் செலவு குறையும். வேறு கிருமிகள் கலப்பதும் குறைவு. ஆயினும் இது ஆய்வுக்கூடச் சோதனையே.

சென்னை தரும் பாடம்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளின் குப்பை பல்லாண்டுகள் பெருங்குடிக் கிடங்கில் கொட்டப்பட்டது. மக்கும் குப்பை காற்றின்றி அழுகினால் மீத்தேன் வாயு உண்டாகும். அது எளிதில் தீப்பற்றும். 2022 ஏப்ரலில் அக்கிடங்கில் பிடித்த தீ பல நாட்கள் புகைந்தது.

மீத்தேனை மூரெல்லா உண்ணாது. ஆனால் மீத்தேன் தானே நல்ல எரிபொருள். அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தோல் ஆலைக் கழிவிலிருந்து இவ்வாயுவை எடுக்கும் ஆய்வுகளை நடத்தியுள்ளது. விவசாயிக்கோ சாணமே போதும்.

கவனிக்க வேண்டியவை

2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலனுக்கு நாள்தோறும் சுமார் 50 கிலோ சாணம் வேண்டும். நான்கைந்து மாடுகள் உள்ளவர்களுக்கு இது ஏற்றது. சாணத்தையும் நீரையும் சம அளவில் கரைத்து ஊற்ற வேண்டும். சோப்பு நீர், பினாயில் கலந்தால் நுண்ணுயிர்கள் மடியும்.

இவை சுமார் 35 டிகிரியில் நன்கு வேலை செய்யும். ஆகவே கலனை வெயில் படும் இடத்தில் அமைப்பது நல்லது. மார்கழி, தையில் வாயு குறைந்தால், வெயிலில் வைத்துச் சூடேறிய நீரில் சாணத்தைக் கரைக்கலாம். வெளிவரும் சாணக்கரைசல் வயலுக்கு நல்ல எரு. திறந்த குழியில் வீணாகும் வாயு அடுப்புக்கு வரும், எருவும் குறையாது.