கண்ணாடியின் மேல் விழுந்த பழி

கொங்கு நாட்டில் ஒரு பிள்ளைக்குக் கிட்டப்பார்வை என்று தெரிந்துவிட்டால், "இந்த வயசிலயே கண்ணாடி போட்டா பவர் ஏறிக்கிட்டே போகுமுங்க" என்று எச்சரிக்கை செய்ய, சீர் வீடு முதல் பொள்ளாச்சிச் சந்தை வரை ஆட்கள் உண்டு. இவ்வபிப்பிராயம் ஆதாரமற்றது, ஆயினும் அது தோன்றிய விதம் விளங்கத்தக்கதே. கண்விழி முன்பின்னாக அளவுக்கு மீறி நீள்வதே இக்குறைக்குக் காரணம். பள்ளிப் பருவம் முழுவதும் நீடிக்கும் அவ்வளர்ச்சி கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதாலும், கண்ணாடி மட்டும் முகத்தில் பிரத்தியட்சமாய் அமர்ந்திருப்பதாலும், பழி அதன் மேல் விழுகிறது. பவரைக் குறைத்துப் போடச் சொல்வோர் கோலாலம்பூரில் நடந்து 2002-இல் வெளியான ஆராய்ச்சியை அறிவது நல்லது: இரண்டாண்டுகளில் முழுப் பவர் அணிந்த பிள்ளைகளுக்குச் சராசரி 0.77 டயாப்டரும், வேண்டுமென்றே குறைத்து அணிந்தவர்களுக்கு 1 டயாப்டரும் ஏறின.

பொன்னாங்கண்ணியும் காரட்டும் உத்தமமான ஆகாரங்கள். வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு அவை உதவும், நீண்டுவிட்ட விழியைச் சுருக்கா.

செல்போனைப் பிடுங்கிவிட்டால் போதுமென்பது நவீன காலத்து நம்பிக்கை. அது மட்டும் போதாது. சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வமிசத்துச் சிறுவர்களை ஒப்பிட்டு 2008-இல் வெளியான ஆய்வில், சிங்கப்பூர்ப் பிள்ளைகளில் நூற்றுக்கு 29 பேருக்கும் சிட்னியில் 3 பேருக்கும் கிட்டப்பார்வை இருந்தது. அதிகம் புத்தகம் படித்தவர்களோ சிட்னிப் பிள்ளைகளே! அவர்கள் வாரத்தில் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் வெளியில் திரிந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு வாய்த்தது மூன்று மணியே. வகுப்பறை வெளிச்சத்தின் சில நூறு லக்ஸ் எங்கே, வெட்டவெளியின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட லக்ஸ் எங்கே! அவ்வொளி விழித்திரையில் டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கச் செய்து விழி நீள்வதைத் தடுக்கிறது என்பது விஞ்ஞானிகள் பெரிதும் ஏற்கும் விளக்கம். குவாங்சௌ நகரில் 2010 முதல் மூன்றாண்டுகள், முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினம் 40 நிமிஷம் கூடுதலாக வெளியே அனுப்பியதில், அவர்களில் புதிதாய்க் குறை வந்தோர் நூற்றுக்கு 30.4, அவ்வாறு அனுப்பாத பள்ளிகளிலோ 39.5.

வெயில் கண்ணைக் கெடுக்குமென்று அஞ்சுவோருக்கு ஒரு வார்த்தை: சூரியனை நேரே பார்ப்பதே பெரும் ஆபத்து. தொப்பியோடு வேப்ப நிழலில் ஆடினாலும் அறைக்குள் இருப்பதைக் காட்டிலும் பன்மடங்கு வெளிச்சம் கிட்டும். நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளின் மதிப்பெண் கீர்த்தியை நான் மறுக்கவில்லை. ஆனால் விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தானமாய்க் கொடுக்கும் பள்ளி எதுவாயினும், பிள்ளையின் கண்ணிலிருந்தே அதைக் கொடுக்கிறது என்பேன்.

ஆயினும் வெளி விளையாட்டு குறை வராமல் காப்பதில் காட்டும் பலனை, வந்துவிட்ட குறையை மந்தப்படுத்துவதில் அத்தனை தெளிவாய்க் காட்டவில்லை. அத்தகைய பிள்ளைக்கு, குறை ஏறுவதை மந்தப்படுத்தத் தரப்படும் நீர்த்த அட்ரோபின் சொட்டு மருந்து பொருந்துமா என்பதைக் கண் வைத்தியரே பரிசோதித்துத் தீர்மானிக்க வேண்டும்.