இராமானுஜன் அட்டவணையில் விடுபட்ட எண்

யாழ்ப்பாணத்திற் பஞ்சாங்கம் பார்ப்போர் ஒரு நாளை 60 நாழிகையாகவும், ஒரு நாழிகையை 60 விநாடியாகவும் பகுத்துக் கணிப்பதை அறிவர். மணிக்கணக்கிற் கூறின் ஒரு நாழிகை 24 நிமிடமாகும். 24, 60 என்னும் இவ்விரு எண்களுக்கும் ஒரு தனிச்சிறப்புண்டு. 24 இற்குக் காரணிகள் எட்டு; அதனிற் சிறிய எந்த எண்ணுக்கும் எட்டுக் காரணிகள் இல்லை. 60 இற்குப் பன்னிரண்டு. அதனிற் சிறிய எதற்கும் பன்னிரண்டு இல்லை. இவ்வாறு தம்மினும் சிறிய எண்கள் யாவற்றையும் காரணித் தொகையால் வெல்லும் எண்களை ஈண்டு மிகுகாரணி எண்கள் என வழங்குவோம்.

இவற்றை விரிவாக ஆராய்ந்தவர், சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராயிருந்து, 1914 இற் கேம்பிறிட்ஜ் சென்ற சீனிவாச இராமானுஜன். அவரைப் பற்றி எழுதப் புகுவோர் பலர் 1729 என்னும் எண்ணோடும் வாடகைக் காரோடும் அமைந்துவிடுகின்றனர். எமக்கோ 1915 இல் இலண்டன் கணிதக் கழகம் வெளியிட்ட அவரது நெடுங்கட்டுரையே பெரிதாகத் தோன்றுகிறது. அதன்பொருட்டே 1916 இல் அவருக்குக் கேம்பிறிட்ஜிற் பட்டம் கிடைத்தது. அக்கட்டுரையில் 102 மிகுகாரணி எண்கள் கொண்ட அட்டவணை ஒன்றுளது. அதன் ஈற்றெண் 6,746,328,388,800. இதனை முதன்மை எண்களாகப் பிரிப்பின்

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

எனவரும். ஒரு காரணியை ஆக்குங்கால் 2 என்பதை ஒருமுறையும் எடாது விடலாம். ஆறு முறை வரையும் எடுக்கலாம். ஆக ஏழு வழி. 3 இற்கு ஐந்து வழி. 5, 7 என்பவற்றிற்கு மும்மூன்று. எஞ்சிய ஐந்திற்கும் இவ்விரண்டு. இவற்றைப் பெருக்க 10,080 காரணிகள் கிடைக்கும்.

இனி அவ்வீற்றெண்ணை 23 ஆல் வகுப்போம். பெறுவது 293,318,625,600. இதன் காரணிகள் 5,040. (5,040, 10,080 என்பனவும் மிகுகாரணி எண்களே என்பது சுவையானது.) இவ்வெண்ணும் மிகுகாரணி எண்ணே, ஆயினும் இராமானுஜன் அட்டவணையில் இது இல்லை! 4,800 காரணிகளுடைய 240,940,299,600 இற்கும், 5,376 காரணிகளுடைய 321,253,732,800 இற்கும் இடையே இருக்கவேண்டிய எண் விடுபட்டுப் போயிற்று.

அவர் நிறுவிய தேற்றங்களுக்கு இதனால் யாதோர் ஊறுமில்லை. மிகுகாரணி எண்ணில் முதன்மை எண்கள் ஏற ஏறச் சுட்டிகள் ஏறுதல் இல்லை. 4, 36 என்னும் இரண்டும் ஒழிய, ஏனையவற்றின் ஈற்றுச் சுட்டி 1 ஆகும் என்றார் அவர். விடுபட்ட எண்ணின் சுட்டிகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1. அவர் விதிக்கு அஃது அடங்கியே நிற்கிறது.

காரணிகள் 5,040 எனக் காண ஒரு தாளும் சிறிது நேரமும் போதும். அதனிற் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை எனக் காட்டுவதே கடினம். சுட்டிகளை மாற்றி மாற்றி அமைத்து, ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வரவேண்டும். மேல்வகுப்பு மாணவர் இதனை ஒரு விடுமுறையில் முயன்று பார்க்கலாம்.