பிளைவுட் எலிவேஷன்: மழைக்கு முன் விளிம்பைப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கிவிடும்; தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். எலிவேஷனில் பிளைவுட் பதித்தவர்கள் இந்த நேரத்தில் பெயிண்டரைக் கூப்பிட்டு முகப்பரப்புக்கு இன்னொரு கோட் அடிக்கச் சொல்வார்கள். பணத்தை அங்கே போடாதீர்கள். பலகை பெரும்பாலும் கெடுவது அறுத்த விளிம்பு, ஸ்க்ரூ துளை, காற்றுப் புகாத முதுகு ஆகியவற்றின் வழியாகத்தான். அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் எந்தப் பக்கம் அறுத்தாலும் மரநாரின் வாய் திறந்துகொள்கிறது. அது தண்ணீரை உறிஞ்சும் வேகம் முகப்பரப்புக்குக் கிடையாது. கீழ் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பெயிண்ட் வெடித்து, அடுக்குகள் உப்பி, ஸ்க்ரூடிரைவர் முனை மெத்தென்று உள்ளே இறங்கினால் அந்தப் பலகையை மாற்றத்தான் வேண்டும். பட்டி பார்த்து மூடினால் அழுகல் உள்ளேயே வளரும்.

“நாங்கள் போட்டது மரைன் பிளை, என்ன ஆகும்?” என்று கேட்பார்கள். மரைன் பிளைக்கான ஐஎஸ் 710 தரப் பலகையின் பசை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் பிடி விடக் கூடாது என்பது விதி. வெளிச்சுவருக்கு அதற்குக் கீழே எதையும் வாங்காதீர்கள். ஆனால் அந்தச் சோதனை பசைக்கானது. பசை விடாமலேயே மரம் ஊறும். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நிலைத்தால் பூஞ்சைக்கு வழி பிறக்கும். பலகையில் ஏற்றிய மருந்து அதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். சுற்றிலும் சிலிகான் வைத்து அடைத்துவிட்டால் போதாதா என்பது அடுத்த கேள்வி. மேல் விளிம்பையும் ஜன்னல் ஓரத்தையும் அடையுங்கள், கீழ் விளிம்பை மட்டும் அடைக்கவே கூடாது. காற்றோடு அடிக்கிற சாரல் எப்படியும் கொஞ்சம் உள்ளே போகும். வடிய வழியில்லாவிட்டால் அங்கேயே தங்கிப் பலகையின் முதுகை ஊறவைக்கும்.

ஆகவே இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வெயில் அடித்ததும் வேலையைத் தொடங்குங்கள். விளிம்பின் கூர்மையை உப்புத்தாளால் மழுக்குங்கள். கூரான முனையில் பெயிண்ட் நிற்காது. பிறகு விளிம்புக்கும் ஸ்க்ரூ தலைகளுக்கும் வுட் பிரைமர் இரண்டு கோட், ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பின், அதன்மேல் எக்ஸ்டீரியர் பெயிண்ட். தரையிலிருந்து தெறிக்கும் நீர் படாதபடி பலகைக்குக் கீழே அரை அடியாவது இடம் இருக்கட்டும், தொட்டிச்செடிகளையும் நகர்த்திவிடுங்கள். சுவரோடு ஒட்டப் பதித்த பலகையை இப்போது கழற்ற வேண்டாம். தை பிறந்து சுவர் காய்ந்ததும் ஆசாரியை வைத்துக் கழற்றி, முக்கால் அங்குல ரீப்பரை நெடுக்காக அடித்து, மேலும் கீழும் காற்றுப் போக வலை வைத்து மறுபடி பொருத்துங்கள்.