வீட்டருகே ஒரு சிறு கொல்லுப்பட்டறை

காலையில் பால்வெட்டு முடிந்து, பாலை நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பிய பின் மாலைப் பொழுது நம் கையில் எஞ்சி நிற்கிறது. அந்நேரத்தை ஒரு கைத்தொழிலில் செலவிட விரும்புவோர் நம்மிடையே பலர் உளர். மண்வெட்டி மழுங்குகிறது, புல்வெட்டும் கத்தி உடைகிறது, வாளியின் கொக்கி கழன்றுபோகிறது. சிறிய உலை ஒன்றும் பட்டறைக்கல் ஒன்றும் இருந்தால் இவற்றை நாமே செப்பனிட்டுக்கொள்ளலாம்.

புதுக் கருவிகளை வாங்கப் பெரும்பணம் வேண்டுமே எனத் தயங்க வேண்டுவதில்லை. பழைய பொருள்களைக் கொண்டே நல்ல பட்டறை அமைக்கலாம். ஆயினும் ஒன்றில் மட்டும் சிக்கனம் கூடாது. அதுவே காற்றோட்டம்.

இடம்

தோட்டத்து லயன் வீடுகள் சுவரோடு சுவராக அமைந்தவை. ஆகவே வீட்டுத் தாழ்வாரமும் சமையற்கட்டும் உலைக்கு ஏற்ற இடங்கள் அல்ல. வீட்டிலிருந்து சற்று விலகிய திறந்த நிலத்தில் நான்கு கம்பங்கள் நட்டு, உயரமாகத் தகரக் கூரை போடுவது நலம். நாற்புறமும் திறந்திருப்பது சாலச் சிறந்தது. இயலாவிடில் எதிரெதிரான இரு பக்கங்களேனும் திறந்திருத்தல் வேண்டும். தரை கெட்டி மண்ணாக இருக்கட்டும்.

தோட்ட நிலமாயின் நிர்வாகியின் அனுமதியை முன்னரே பெறுதல் வேண்டும். சொந்த வீட்டில் வாழ்வோர் அண்டை வீட்டாரையும் கலந்துகொள்வது முறை. வருமானம் கருதித் தொழிலாக நடத்துவதாயின் ஊராட்சி மன்றத்தை அணுகி உரிமம் பற்றி விசாரித்தறிக.

பழைய பொருள்களைத் தேர்ந்தெடுத்தல்

உலைக்கு லாரியின் பழைய பிரேக் டிரம் மிகப் பொருத்தமானது. பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருந்ததுண்டு. அத்தூசி நுரையீரலுக்குக் கேடு. எனவே டிரம்மை ஊதியோ உலர்ந்த தூரிகையால் துடைத்தோ சுத்தம் செய்யாமல், நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். அடியில் துளையிட்ட கனத்த இரும்புத் தட்டை வைத்து, அதன் கீழ் 2 அங்குலக் குழாயைப் பொருத்தினால் காற்று மேலேறும். துருத்திக்குப் பதிலாகக் கையால் சுழற்றும் பழைய ஊதுகருவியையோ, பழைய காரின் குளிரூட்டியிலிருந்து எடுத்த 12 வோல்ட் காற்றாடியையோ பயன்படுத்தலாம்.

பட்டறைக்கல்லுக்கு ஓர் அடி நீளத் தண்டவாளத் துண்டு போதும். அதனைப் பழைய இரும்புக் கடையில் ரசீதுடன் வாங்குதல் அவசியம். ரசீதற்ற தண்டவாளம் திருட்டுப் பொருளாக இருக்கக்கூடும். கனத்த மரக்கட்டையின் மேல் அதனை இறுகப் பொருத்துக. நேராக நின்று கையைத் தொங்கவிட்டால், மடக்கிய விரல்களின் கணுக்கள் எட்டும் உயரமே அடிப்பதற்கு ஏற்ற உயரம்.

பழைய சுத்தியலை வாங்குமுன் காம்பு ஆடுகிறதா எனப் பார்க்க வேண்டும். தலையின் விளிம்பு காளான்போல் விரிந்திருந்தால் அதைத் தேய்த்து அகற்றுக. அடிக்கும்போது அத்துணுக்கு தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். இருபுறமும் மூடிய குழாய்களையும் வாகன அதிர்வுதாங்கிகளையும் ஒருபோதும் நெருப்பிலிடலாகாது, அவை வெடிக்கும்.

காற்றோட்டம்

மரக்கரி நன்கு கனன்றால் புகை தெரிவதில்லை. புகையில்லை, ஆகவே தீங்கில்லை என நாம் எண்ணிவிடுகிறோம். இங்கேதான் பெருந்தவறு நேர்கிறது. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. இரத்தத்தில் பிராணவாயு ஏறவேண்டிய இடத்தை அது பற்றிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பின்னர் தலைசுற்றல், குமட்டல், தளர்ச்சி, அதன்பின் மயக்கம். பகல் முழுதும் உழைத்தவர் அதனை வெறும் களைப்பென்றே கருதிவிடக்கூடும். துணியைக் கட்டினாலும், தூசி மறைக்கும் முகமூடியை அணிந்தாலும் இவ்வாயு தடைபடாது.

மாலை மழை நமக்குப் புதிதன்று. சாரல் அடிக்கிறதென்று நாற்புறமும் படுதாவைக் கட்டிவிட்டு, அரைகுறையாக நிற்கும் வேலையை முடித்துவிடலாம் எனத் தோன்றும். அந்த அரைமணி நேரம் உயிரையே கவர்ந்துவிடலாம். மழை வந்தால் வேலையை நிறுத்துவோம். பட்டறையை மூட வேண்டாம்.

திறந்த கொட்டகையாயினும் புகைபோக்கி ஒன்று அமைத்தல் நலம். அதன் வாய் நெருப்புக்கு அருகில் இருக்க வேண்டும். உயரத்தில் தொங்கவிட்டால் வாயு பக்கவாட்டில் பரவிவிடும். குழாய் 10 அங்குல விட்டத்திற்குக் குறையாமலும், வளைவின்றியும், கூரைக்கு மேல் 3 அடி உயர்ந்தும் இருக்கட்டும். உலை மூட்டியபின் கொசுவர்த்திச் சுருளைப் புகைபோக்கியின் வாயருகே பிடித்துப் பார்க்க வேண்டும். அதன் புகை உள்ளே இழுக்கப்பட்டால் அமைப்பு சரி. வெளியே திரும்பினால் அமைப்பைத் திருத்தாமல் வேலை தொடங்கலாகாது.

மற்றொரு நஞ்சும் உண்டு. வாளி, கூரைத் தகரம், சில குழாய்கள் ஆகியவற்றின் மேல் துத்தநாகம் பூசப்பட்டிருக்கும். அவற்றை உலையிலிட்டால் வெண்புகை எழும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். ஆதலால் பூச்சுள்ள இரும்பையும் சாயமடித்த இரும்பையும் உலைக்குக் கொண்டுவரலாகாது. நெருப்பை அடுத்த குழாயும் பூச்சில்லாததாகவே இருக்கட்டும்.

வேலை முடிந்தபின் எஞ்சிய தணலை ஈரத்துணி உலர்த்தவோ குளிர் காயவோ வீட்டினுள் கொண்டுசெல்லக் கூடாது. அணையாத தணல் நச்சு வாயுவை உமிழ்ந்துகொண்டே இருக்கும். அதை நீர் தெளித்து முற்றும் அணைக்க வேண்டும். எவருக்கேனும் மயக்கம் நேர்ந்தால் உடனே திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 999 எண்ணை அழைக்க வேண்டும்.

முதல் வேலை

முதலில் வாளி தொங்கவிடும் கொக்கி ஒன்றைச் செய்து பழகுவோம். இரும்பு ஆரஞ்சு நிறம் அடைந்ததும் அடிக்க வேண்டும்; மங்கிய சிவப்பானதும் நிறுத்தி மீண்டும் காய்ச்சுக. தீப்பொறி சிதறுமளவு காய்ச்சினால் இரும்பு எரிந்து கெடும். கை பழகியபின் லாரியின் பழைய வில்தகட்டில் புல்வெட்டும் கத்தி செய்யலாம்.

பால்வெட்டுக் கத்தியை மட்டும் உலையிலிட வேண்டாம். சூடேறினால் அதன் உறுதி போய்விடும், கூர் நிற்காது, மரப்பட்டையும் காயப்படும். அதற்குச் சாணைக்கல்லே போதும்.

பருத்தி உடை, மூடிய காலணி, கண்ணாடி ஆகிய மூன்றும் அணிந்தே உலைமுன் நிற்போம். மணல் வாளியும் நீர் வாளியும் அருகில் இருக்கட்டும். சிறுவர்களை எட்ட நிறுத்துவோம். பழைய இரும்பு மீண்டும் பயன்தரும்; மூச்சு நின்றால் மீளாது. இதனை மனத்திற் கொண்டு பட்டறையைத் தொடங்குவோமாக.