பணிப் பதிவேடும் கணினியும்

அரசு ஊழியரின் நியமனம், ஊதியம், விடுப்பு, ஓய்வு ஆகியவற்றைக் கணினி வழியே நடத்தும் மென்பொருளை ஆக்கும் குழுவின் தலைவர் கவனிக்க வேண்டுவன யாவை என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம். நம் சங்கக் கணக்குகளும் கணினியில் ஏறிவருதலால், இஃது அங்கத்தினர் யாவர்க்கும் பயன்படும்.

நம் மாநிலத்தில் கருவூலக் கணக்குத் துறையின் பொறுப்பில் இத்தகைய முறையொன்று 2019-ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பெற்றது. இன்று அது ‘களஞ்சியம்’ என வழங்குகிறது. ஏறத்தாழ 9 லட்சம் ஊழியரைக் கருதி அமைந்த முறை அது. இத்தகைய பணிக்குத் தலைமை ஏற்பவர் மூன்று கடமைகளை மறத்தல் ஆகாது.

முதலாவது, விதியை அறிதல். ஊழியரின் ஓய்வு வயது 58 ஆக இருந்தது; 2020-இல் 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. அவ்வயதை மென்பொருளில் பல இடங்களில் எழுதி வைத்தால், ஒவ்வோர் ஆணைக்கும் அனைத்தையும் தேடித் திருத்த நேரும். ஓரிடம் விடுபட்டாலும் கணக்குப் பிறழும். விதியை ஓரிடத்தில், அது நடைமுறைக்கு வரும் நாளுடன் வைப்பதே முறை.

இரண்டாவது, மூல ஏட்டின் செம்மை. பாவில் இழை தவறினால் நெசவில் அது நேராகாது. பணிப் பதிவேட்டில் பிறந்த நாள் பிழைபட்டிருப்பின், கணினி அப்பிழையையே விரைவாகக் கணக்கிடும். பாதிக்கப்படுவது ஒரு குடும்பத்தின் ஓய்வூதியம். ஆகவே ஊழியரிடமே காட்டி ஒப்புநோக்கிய பின்னரே பதிவை முடிவாக ஏற்க வேண்டும்.

மூன்றாவது, பொறுப்பைப் பிரித்தல். களஞ்சியத்தில் பட்டியலைத் தொடங்குவோர், சரிபார்ப்போர், ஒப்பளிப்போர் என மூவர் உண்டு. ஒருவரே மூவரின் கடவுச்சொல்லையும் வைத்திருந்தால் இவ்வேற்பாடு பெயரளவிலேயே நிற்கும்.

இனி நம் சங்கத்துக்கு வருவோம். 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க, ரூ.2,516 கோடித் திட்டத்துக்கு 2022-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்கள் கணினியை ஏற்கும்போதும் பாடம் இதுவே. கணக்குக் கணினியில் ஏறுமுன் உங்கள் கைப்புத்தகத்தைப் பேரேட்டுடன் ஒப்புநோக்குங்கள். வேறுபாடு இருப்பின் எழுத்து மூலம் தெரிவியுங்கள். எழுத்தர், செயலாளர் ஆகியோர் தனித்தனிக் கடவுச்சொல் கொண்டுள்ளனரா எனப் பேரவையில் வினவுங்கள். இவ்வாறு வினவுதல் சந்தேகம் அன்று, அங்கத்தினரின் உரிமை.

பயிற்சி வினாக்கள்:
1. விதியை ஓரிடத்தில் வைப்பதன் பயன் யாது?
2. மூவர் செய்ய வேண்டியதை ஒருவரே செய்தால் நேரும் தீங்கு யாது?