முட்டத்தில் இருபது பேர்

நெய்யூர்

அன்புள்ள மக்களே,

உன் கடிதமும், கல்யாணம் இப்படி இருக்கட்டும் என்று அதோடு அனுப்பிய படங்களும் கிடைத்தன. நாலு மூங்கில் கம்பு, அதில் கட்டிய வெள்ளைத் துணி, பின்னால் கடல், முன்னால் இருபது நாற்காலி, வெறுங்காலோடு நிற்கிற ஒரு பொண்ணு. அழகாகத்தான் இருக்கிறது. முட்டத்துப் பாறைமேல் அந்தத் துணியைக் கட்டினால் அது காற்றில் பறந்தே போய்விடும் என்பதைத் தவிர எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. ஆனி, ஆடியில் மட்டும் வேண்டாம். தை, மாசியில் வை. வெள்ளை லேஸ் உடுப்புதான் வேண்டுமென்றால் அதைப் பெங்களூரில் தேடாதே. 1820-களில் மிஷனரி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் நம் பெண்களுக்கு லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் கைவேலை தெரிந்தவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள்.

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியதுபோல ஒரு வரி இருந்தது. "இல்லேன்னா யாருக்கும் சொல்லாம இங்கேயே ரிஜிஸ்டர் பண்ணிருவோம் பெரியம்மை." முட்டமும் இதுவும் ஒரே சரக்கின் இரண்டு வகை என்பதுபோல எழுதியிருக்கிறாய். இருபது பேர் போதும் என்று தீர்மானிப்பதும், இருபத்தோராவது ஆளுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று ஒளிவதும் ஒன்றா?

ஒளிவதற்குக் காரணம் உள்ள பிள்ளைகள் இந்த நாட்டில் உண்டு. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துப் பக்கத்தில், பட்டப்பகலில், சங்கரை வெட்டிக் கொன்றார்கள். கௌசல்யா காயத்தோடு பிழைத்தார். அப்படிப்பட்ட வீட்டுப் பெண் என்னிடம் யோசனை கேட்டால் கடற்கரை, லேஸ் என்றெல்லாம் வாய் திறக்கமாட்டேன். முதலில் போலீஸ் பாதுகாப்பு கேள், 2018-ல் சக்தி வாஹினி வழக்கில் இதற்கென்றே மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது என்பேன். உன் வீடு அந்த வீடு இல்லை. உன் அம்மை ரெண்டு நாள் சாப்பிடாமல் கிடப்பாள். உன் அப்பா மாதக்கணக்கில் முகம் கொடுக்கமாட்டார். அவ்வளவுதான். "ஆளு நம்ம சாதிதானே, மதம்தானே வேற" என்று உன் மாமா போனில் ஆறுதல் சொன்னான். அதை அவன் கூச்சமே இல்லாமல் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் உன் வீட்டில் சண்டை சண்டையாகவே நிற்கும், அதைத் தாண்டிப் போகாது என்பதற்கு அந்தக் கேவலமான காரணமும் ஒன்று என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நெய்யூர் மிஷன் வீட்டுப் பெண்ணும் சாமித்தோப்பு அய்யாவழிப் பையனும்! அய்யா வைகுண்டர் உயிரோடு இருந்த 1840-களில் இந்தப் பக்கத்து மிஷனரிகள் லண்டனுக்கு எழுதிய அறிக்கைகளில் முத்துக்குட்டி என்ற அவர் பழைய பெயர் ஒரு தலைவலியாகவே வரும். அந்த மிஷனின் கொள்ளுப்பேத்தி இப்போது அன்புக்கொடிக்காரன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"நம்ம ஊர்ல இப்படி யாரும் பண்ணுனதில்ல" என்று எழுதியிருக்கிறாயே, அதைத் திருத்திக்கொள். 1828-ல் நெய்யூரை மிஷன் ஊராக்கிய சார்லஸ் மீடு தெரியும் அல்லவா? இரண்டு மனைவியரைப் பறிகொடுத்தவர். அறுபதை ஒட்டிய வயதில், 1850-களின் தொடக்கத்தில், லோயிஸ் பிடல்ஃப் என்ற உள்ளூர்க் கிறிஸ்தவப் பெண்ணை மணந்துகொண்டார். தோள்சீலை அணியும் உரிமைக்காக நம் பெண்கள் பக்கம் நின்ற அதே மிஷன் கூட்டத்துக்கு இது மட்டும் தொண்டைக்குள் இறங்கவில்லை. உடன் ஊழியர்களின் எதிர்ப்பில் அவர் மிஷனை விட்டே விலக வேண்டியதாயிற்று. பிறகு திருவிதாங்கூர் அரசின் பள்ளிக்கூடங்களை மேற்பார்க்கும் வேலைக்குப் போய், 1873-ல் இறந்தார். சபை மண்டபங்களில் அவர் படத்தை மாட்டுகிறோம். அந்தக் கல்யாணத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர் அதை ஒளித்துச் செய்யவில்லை என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது. வேலை போயிற்று, கல்யாணம் நிலைத்தது.

இனி நான் வேலை பார்த்த துறைக்கு வருகிறேன். பதிவுத் துறையில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கல்யாணம் என்றாலே படிவம்தான் கண்ணில் படும், பொறுத்துக்கொள்.

மாலை மாற்றினால் போதும், சுயமரியாதைக் கல்யாணம் என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தாய். அது நம் மாநிலம் பெருமைப்பட வேண்டிய ஏற்பாடு. 1928-ல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்ததை முதல் சுயமரியாதைக் கல்யாணம் என்பார்கள். அப்படி நடந்தவற்றை நீதிமன்றம் செல்லாது என்றது. அண்ணா முதல்வரானதும் 1967-ல் இந்து திருமணச் சட்டத்தில் 7-அ என்ற பிரிவைச் சேர்த்து, முன்பு நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லும் என்று ஆக்கினார். உறவினரோ நண்பரோ பார்க்க, ஒருவரையொருவர் ஏற்கிறோம் என்று புரிகிற மொழியில் சொன்னாலும், மாலை மாற்றினாலும், மோதிரம் போட்டாலும், தாலி கட்டினாலும் போதும். ஊரைக் கூட்ட வேண்டியதில்லை என்று 2023 ஆகஸ்டில் இளவரசன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. ஆனால் மக்களே, அது இரண்டு பேரும் இந்துவாக இருந்தால்தான். நீ ஞானஸ்நானம் எடுத்தவள். "ஒரு நாளுக்கு மட்டும் மதம் மாறி ஒரு சர்டிபிகேட் வாங்கிருங்க" என்று ஆலோசனை சொல்லத் தரகர்கள் வருவார்கள். அந்தப் பக்கமே போகாதே. நம்பாத ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடித்தனத்தைத் தொடங்கப் போகிறாயா?

உங்களுக்கு உள்ளது 1954-ம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம். இரண்டு பேரில் ஒருவர் முப்பது நாளாவது குடியிருக்கும் மாவட்டத்தின் திருமண அதிகாரியிடம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதை அலுவலகத்தில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் ஒட்டுவார்கள். முப்பது நாள் காத்திருக்க வேண்டும். சபையில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்களே, அதே வேலைதான், பலகையில். யாரும் ஆட்சேபம் சொல்லலாம். ஆனால் ஏற்கெனவே உயிரோடு கணவனோ மனைவியோ இருக்கிறார், வயது போதாது, சம்மதம் தரும் மனநிலை இல்லை, மணக்கக் கூடாத நெருங்கிய உறவு என்பவை மாதிரி சட்டம் சொல்லும் காரணங்கள் மட்டுமே எடுபடும். எனக்குப் பிடிக்கவில்லை என்று உன் அப்பா எழுதிக்கொடுத்தால் அது காகிதம், ஆட்சேபம் ஆகாது. நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் முடிந்தாக வேண்டும். தாண்டினால் மறுபடி முதலிலிருந்து.

இதில் நீ கவனிக்காத ஒன்று இருக்கிறது. பெங்களூரில் நோட்டீஸ் கொடுத்தால் ஊருக்குத் தெரியாது என்று நினைக்கிறாய். நிரந்தர வீடு வேறு மாவட்டத்தில் இருந்தால், அந்த நோட்டீஸின் நகலை அந்த மாவட்டத்து அதிகாரிக்கு அனுப்ப வேண்டும், அவர் தன் அலுவலகத்தில் ஒட்ட வேண்டும் என்று 6-ஆம் பிரிவு சொல்கிறது. அதாவது உன் போட்டோவும் அவன் போட்டோவும் பலகை ஏறிய சேதி, திங்கள்சந்தையில் மீன் வாங்க நிற்கிற யாரோ சொல்லி உன் அப்பா காதுக்குப் போகும். அவருக்கு எது அதிகம் வலிக்கும் என்று நீயே யோசி. நோட்டீஸ் கொடுப்பதற்கு முந்தைய வாரம் ஊருக்கு வந்து நீயே அவர் முகத்தைப் பார்த்துச் சொல். அனுமதி கேட்காதே, தகவல் சொல். அவர் கத்தட்டும்.

நீ நினைப்பதைவிட அந்தச் சட்டத்துக்கு ரசனை அதிகம். அலுவலகத்தில்தான் நடத்த வேண்டும் என்று இல்லை. கூடுதல் கட்டணம் கட்டினால், நியாயமான தூரத்துக்குள் நீங்கள் சொல்லும் இடத்தில் நடத்தலாம் என்று 12-ஆம் பிரிவில் இருக்கிறது. எந்த முறைப்படியும் நடத்தலாம். மின்னு கட்டலாம், மோதிரம் போடலாம், அவன் வீட்டார் கல்யாண வாழ்த்துப் பாடலாம். அதிகாரியும் மூன்று சாட்சிகளும் கேட்க, ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்கிறோம் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும், அதுமட்டும் கட்டாயம். நோட்டீஸை இந்த மாவட்டத்தில் கொடுத்திருந்தால்தான் இங்கத்து அதிகாரி நடத்திவைக்க முடியும். அவர் முட்டம் வரை வருவாரா என்பது அன்றைய வேலையைப் பொறுத்தது. முன்கூட்டியே மனு கொடு. வரமுடியாது என்றால் காலையில் அலுவலகத்தில் கையெழுத்து, சாயங்காலம் கடற்கரை.

இன்னொன்று. அவன் வீட்டில் பிரிக்காத கூட்டுக் குடும்பச் சொத்து இருந்தால், இந்தச் சட்டப்படி உன்னைக் கட்டியதும் அவன் அதிலிருந்து பிரிந்தவனாகக் கருதப்படுவான். பங்கு போய்விடாது, சேர்ந்திருக்கும் நிலைதான் போகும். வேறு யாரோ சொல்லி அவன் தெரிந்துகொள்வதற்குள் நீயே சொல்லிவிடு.

முட்டம் என்றதும் உனக்குப் படப்பிடிப்பு ஞாபகம் வந்திருக்கும். 1981-ல் பாரதிராஜா 'அலைகள் ஓய்வதில்லை' எடுத்த இடம். அதிலும் கிறிஸ்தவப் பெண், இந்துப் பையன். ஒருவர் பூணூலையும் மற்றவர் சிலுவையையும் கழற்றிப்போட்டுவிட்டுக் கிளம்பிப் போவார்கள். நாங்களும் விசிலடித்துத்தான் பார்த்தோம். எந்த சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனார்கள் என்றுதான் கடைசிவரை காட்டவில்லை.

தொல்காப்பியர் இந்த விஷயத்தில் பாரதிராஜாவைவிட விவரமானவர். பெண்ணைக் கொடுக்க ஆள் இல்லாமல் இருவரும் உடன்போன இடத்திலும் கரணம், அதாவது கல்யாணச் சடங்கு, உண்டு என்கிறார். இன்னோரிடத்தில், உலகத்தில் பொய்யும் பிழையும் வந்த பிறகுதான் பெரியவர்கள் கரணத்தை ஏற்படுத்தினார்கள் என்கிறார். ஓடிப்போவதை அவர் தடுக்கவில்லை. நாளைக்கு ஒருவன் "நான் அவளைக் கட்டவே இல்லையே" என்றால் யார் பதில் சொல்வது என்பதுதான் அவருடைய கவலை. என் கவலையும் அதுதான். நாஞ்சில் நாட்டில் மருமக்கள் வழி இருந்தபோது சொத்து குடும்பத் தலைவனான காரணவனின் சகோதரி பிள்ளைகளுக்குப் போனது, கட்டினவளுக்கும் பெற்ற பிள்ளைக்கும் கிடைத்தது சொற்பம். கவிமணியின் 'மருமக்கள் வழி மான்மியம்' நூலில் புலம்புகிறவள் ஒருவனுடைய ஐந்தாவது மனைவி. 1926-ல் சட்டம் வந்துதான் அது மாறியது. எழுத்தும் சாட்சியும் இல்லாத இடத்தில் விலை கொடுப்பது எப்போதும் பெண்தான். அதனால் ஆளைக் குறை, பந்தலைக் குறை, என்னை விளிக்காமலே இரு, கோபித்துக்கொண்டாலும் செத்துப்போகமாட்டேன். அந்த மூன்று சாட்சிக் கையெழுத்தில் மட்டும் கை வைக்காதே.

இனி உன் அப்பா. அவருக்கு உன் மதக் கலப்பைவிட இருபது நாற்காலிதான் பெரிய இடி. ஏன் என்று உனக்குப் புரியவில்லை. அவர் பீரோவில் ஒரு நீள நோட்டு இருக்கிறது, பார்த்திருப்பாய். எந்த வீட்டுக் கல்யாணத்தில் எவ்வளவு சுருள் வைத்தார், யார் வந்து வைத்தார்கள் என்று வருஷம் தப்பாமல் எழுதியிருப்பார். அது பணக் கணக்கு மட்டுமில்லை. மழையில் நனைந்துகொண்டு மணவாளக்குறிச்சி போய்ச் சாப்பிட்டது, முந்தின நாள் ராத்திரி விழித்திருந்து பக்கத்து வீட்டுக்காரர்களோடு காய்கறி வெட்டியது, அவியலுக்கு உப்புப் பார்த்தது எல்லாம் அதில் இருக்கிறது. அந்த ஜனங்கள் தன் வாசலுக்குத் திரும்ப வரும் நாளுக்காக அவர் காத்துக்கொண்டிருக்கிறார். நீ அந்த நாளை இல்லாமல் ஆக்குகிறாய். ஆக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. என்ன செய்கிறாய் என்று தெரிந்து செய்.

எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. கல்யாணம் உங்களுடையது, அதில் ஒரு நாற்காலிகூட அவர் சேர்க்க வேண்டாம். ஒரு மாதம் கழித்து நெய்யூரில் ஒரு மத்தியானச் சாப்பாடு, அது முழுக்க அவருடையது. யாரை விளிப்பது, எத்தனை இலை, சுருள் வாங்குவதா வேண்டாமா எல்லாம் அவர் முடிவு. நீயும் அவனும் இலை போடுங்கள், பருப்பு விளம்புங்கள், எரிசேரி, புளிசேரி, அடைப்பிரதமன் என்று கடைசிப் பந்திவரை நில்லுங்கள். அங்கே உன் ஸ்டைல் வேண்டாம். இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் இரண்டும் கெடும்.

அவர் உடனே ஒத்துக்கொள்வார் என்று நினைக்காதே. குமாரகோவிலுக்குப் பங்குனியில் போயிருக்கிறாயா? முருகன் வள்ளியைக் கூட்டிக்கொண்டு போன கதையை வேளிமலையில் வருஷா வருஷம் ஊர்கூடித் திருக்கல்யாணமாக நடத்துகிறார்கள். அதில் குறவர் படுகளம் என்று ஒரு கட்டம், பெண்வீட்டார் மறித்துச் சண்டை போடுவார்கள். மாப்பிள்ளை சாமியாகவே இருந்தாலும் பெண்வீட்டுச் சண்டையை இங்கே யாரும் விட்டுக்கொடுப்பதில்லை.

நகை விஷயத்தை நீ எழுதவே இல்லை. அதுதான் என்னை உறுத்துகிறது. இந்த மாவட்டத்தில் பவுன் பேசாத கல்யாணம் எத்தனை என்று உனக்கே தெரியும். இருபது பேர், மூங்கில் பந்தல், வெறுங்கால் என்று எளிமையாக நடத்திவிட்டுப் பின்வாசல் வழியாக லாக்கர் சாவி கைமாறும் கல்யாணங்களை நான் பார்த்திருக்கிறேன். வரதட்சணைத் தடுப்புச் சட்டம் 1961-லிருந்து இருக்கிறது, அதை மேற்கோள் காட்டினால் யாரும் அசையமாட்டார்கள். "அம்மாவுக்காகக் கொஞ்சம்" என்று அவன் இழுத்தால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்து. அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்று நீ சொல்வாய். நல்லது, அதை அவன் தன் வீட்டில் சொல்லட்டும், சொன்னதை எனக்கு எழுது.

ஆள் எண்ணிக்கையில் இருபதுகூட அதிகம்தான். மருத்துவாழ் மலைக் குகையில் தவமிருந்த நாராயண குரு, ஒரு கல்யாணத்துக்கு மொத்தம் பத்துப் பேர் போதும் என்று சொன்னவர். மணமக்கள், இரண்டு பக்கத்துத் தாய் தகப்பன், ஆளுக்கொரு துணை, பூசகர், ஊர்ப் பெரியவர் ஒருவர். கடன் வாங்கிக் கல்யாணம் நடத்தி அழிந்த வீடுகளைப் பார்த்துச் சொன்ன கணக்கு அது. அதிலும் பெற்றோரை அவர் கழிக்கவில்லை, பார்த்தாயா.

மூன்று சாட்சியில் ஒரு இடம் எனக்கு. இன்னொன்றை அவன் பக்கத்தில் யாருக்காவது கொடு. மூன்றாவது இடத்தை அப்பாவிடம் கேள், கெஞ்சாமல் கேள். வரமாட்டேன் என்றால் உன் மாமாவைக் கூட்டி வருகிறேன். அவனுக்குப் பேசத்தான் தெரியாது, கையெழுத்து நன்றாகப் போடுவான். நோட்டீஸ் கொடுக்கும் தேதியை முடிவு செய்ததும் எழுது. ஆதார், பிறந்த தேதிச் சான்று, இரண்டு பேருடைய போட்டோ, முகவரிச் சான்று எல்லாம் இப்போதே எடுத்து வை. பெயரின் எழுத்து எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார். உன் பள்ளிச் சான்றில் ஒரு எழுத்து கூடுதலாக இருந்த ஞாபகம்.

அன்புடன்,
உன் பெரியம்மை