திரையில் சதுரங்கம்

திரைப்படங்களில் சதுரங்கப் பலகை பெரும்பாலும் ஒருவரின் அறிவுக்கூர்மையைக் காட்டவே வரும். சத்யஜித் ரேயின் ‘சத்ரஞ்ச் கே கிலாடி’ (1977) அதைப் பொறுப்பின்மையின் அடையாளமாக்கியது.

பிரேம்சந்தின் சிறுகதையைத் தழுவிய படம் இது. 1856இல் நவாப் வாஜித் அலி ஷாவின் அவத் நாட்டை ஆங்கிலேயக் கம்பனி கைப்பற்ற வருகிறது. லக்னோவின் பிரபுக்களான மிர்ஸாவும் மீரும் வீட்டையும் நாட்டையும் மறந்து காய் நகர்த்துகிறார்கள். மிர்ஸாவின் மனைவி காய்களை ஒளித்து வைத்தும் பயனில்லை. கையில் கிடைத்தவற்றை வைத்து ஆடுகிறார்கள்.

சிறுகதையில் இருவரும் வாட்போரிட்டு மடிகிறார்கள். ரே அவர்களை வாழவிட்டு, இறுதியில் மந்திரிக்குப் பதிலாக ராணி நிற்கும் ஆங்கில முறைப்படி ஆட வைக்கிறார். ஆட்சி மாறியதை அந்தக் காயே சொல்லிவிடுகிறது.

மீரா நாயரின் ‘குவீன் ஒஃப் கட்வே’ (2016) வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. உகண்டாவின் சேரிச் சிறுமி பியோனா முதேசி, சதுரங்கத்தால் முன்னேறிய உண்மைக் கதை அது.

ஹெவ்லொக் டவுனிலுள்ள எங்கள் வீட்டில், உயர்தரப் பரீட்சை முடியும்வரை சதுரங்கப் பலகை அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது. உம்மாவின் பயத்தை மிர்ஸாவின் மனைவி எனக்கு விளங்க வைத்தாள். பியோனாவின் கதையை உம்மாவுக்கும் காட்டவேண்டும். பெற்றோரே, இரண்டு படங்களையும் பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள்; பலகையைப் பூட்டுவதா, நேரத்தை வகுப்பதா என்று பிறகு பேசித் தீர்மானிக்கலாம்.